பழைய டயப்ளோவைக் கட்டைவிரலுக்குப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், ஆடுதுறையில் யாராவது இறங்கினால் உட்காரலாம் என்ற நம்பிக்கையில். கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தேன். போனில் ஓடிக்கொண்டிருந்தது 1996 முடிந்து 1997 பிறக்கிற நேரத்தில் வந்த முதல் டயப்ளோ என்ற கம்ப்யூட்டர் கேம், அதுவும் நானே கோடில் கை வைத்து மாற்றிக் கட்டிய பதிப்பு. தேவாலயத்தின் இரண்டாவது தளம். கசாப்புக்காரன் அறைக் கதவைத் திறந்துவிட்டேன், அவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான், சரியாக அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். "வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வந்துடுப்பா." முப்பது வினாடிகூட இருக்காது. பேசிவிட்டுப் பார்த்தால் என் வீரன் தரையில் கிடக்கிறான்.

தப்பு என்னுடையதுதான். மேஜை, நாற்காலி, மவுஸ் என்று உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் எழுந்திருக்காத ஆளுக்காகச் செய்த கேம் அது. போனில் ஆடுகிறவன் எந்த நிமிடமும் எழுந்து போவான், ஸ்டாப் வந்துவிடும், யாராவது கூப்பிடுவார்கள், மழை தூறும். அதை யோசிக்காமல் படத்தை மட்டும் சின்னதாக்கி போனுக்குள் திணித்திருந்தேன். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவைதான். கொஞ்சம் கோடு எழுதத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கலாம், போனில் சில கேம் ஏன் கையில் ஒட்டுகிறது, சில கேம் ஏன் வழுக்குகிறது என்பதாவது புரியும்.

படி 1: தொடரில் எந்த கேம்?

டயப்ளோ என்றால் ஒரே கேம் கிடையாது. முதல் பாகத்தில் ஒரு ஊர், கீழே 16 தளங்கள், மூன்று வகை வீரர்கள், அவ்வளவுதான். 2000-இல் வந்த இரண்டாம் பாகமும் 2001-இல் வந்த அதன் விரிவாக்கமும் சேர்ந்தால் ஏழு வீரர்கள், ஒவ்வொருவருக்கும் 30 திறமைகள். 2012-இல் மூன்றாவது பாகம் வந்தபோது ஒரே நேரத்தில் கைவசம் வைத்துக்கொள்ளக்கூடிய திறமை ஆறுதான் என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அதைக் கன்சோலுக்குக் கொண்டுபோனபோது மவுஸ் போய் ஸ்டிக் வந்தது, உருண்டு தப்பிப்பதற்கு ஒரு அசைவும் சேர்ந்தது. 2022 ஜூன் 2 அன்று போனுக்கென்றே வந்த இம்மார்ட்டலில் ஒரு அடிப்படை அடி, கூடவே நான்கு திறமைகள். வரிசையாகப் பார்த்தால் இந்தத் தொடர் தானாகவே கட்டைவிரலை நோக்கி நகர்ந்து வந்திருப்பது தெரியும்.

2018 நவம்பரில் இம்மார்ட்டலை மேடையில் அறிவித்தபோது எதிரே உட்கார்ந்திருந்த ரசிகர்கள் முகம் சுளித்தது பெரிய கதை. அவர்கள் எதிர்பார்த்தது கம்ப்யூட்டரில் ஆடக்கூடிய நான்காம் பாகம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போனில் இந்த வகை கேம் ஆடவே முடியாது என்று அன்றைக்குச் சொன்னவர்கள் சொன்னது மட்டும் தப்பு.

கற்றுக்கொள்ள வந்தவருக்கு என் சிபாரிசு முதல் பாகம். இடது கிளிக், வலது கிளிக், இடுப்புப் பட்டையில் எட்டு மருந்துக் குப்பி. முழுக் கட்டுப்பாடும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் பாகத்தின் 30 திறமைகளையும் தொடுதிரைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்தே நான் ஒரு மழைக்காலத்தை வீணாக்கினேன்.

படி 2: கோடு எங்கே, உரிமை யாருடையது?

முதல் பாகத்தின் மூலக் கோடை, டயப்ளோவின் சொந்தக்கார நிறுவனமான ப்ளிசார்ட் வெளியிடவில்லை. 2018-இல் டெவில்யூஷன் என்ற பெயரில், ஓடுகிற கேமைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப எழுதிய கோடு ஒன்று வெளியே வந்தது. ஜப்பானில் வந்த ப்ளேஸ்டேஷன் பதிப்பில் ஃபங்ஷன் பெயர்கள் அடங்கிய ஒரு ஃபைலை மறந்துபோய் விட்டுவைத்திருந்தார்கள், அதுதான் பெரிய உதவியாக அமைந்தது. அதன்மேல் வளர்ந்த டெவில்யூஷன்எக்ஸ் இன்றைக்கு ஆண்ட்ராய்டு உட்படப் பல கருவிகளில் ஓடுகிறது. கோடைப் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. தொடுதிரைக்கென்று இடது பக்கம் திசை ஸ்டிக்கும் வலது பக்கம் பட்டன்களும் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அதை இறக்கி, எதுவும் மாற்றாமல் முதலில் ஒரு வாரம் ஆடுங்கள்.

கோடு மட்டும் இருந்தால் கேம் ஓடாது. படம், ஒலி, வசனம் எல்லாம் டயப்டாட் என்கிற ஒரே எம்பிக்யூ ஃபைலுக்குள் (பல ஃபைல்களைக் கட்டி வைத்த மூட்டை மாதிரி) இருக்கிறது, சுமார் 500 எம்பி. அது உங்கள் சொந்தப் பிரதியிலிருந்து வர வேண்டும். பழைய சிடி இருந்தால் அது போதும். இல்லையென்றால் 2019-இலிருந்து ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் விற்கிறார்கள். "அந்த ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்புங்க அண்ணா" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முடியாது தம்பி.

இங்கேயே ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கற்பதற்காக உங்கள் போனில் நீங்கள் மாற்றிக் கட்டுவது ஒரு வேலை. கடையில் வைப்பதற்கு நீங்கள் செய்கிற கேம் வேறு வேலை. இரண்டாவதில் டயப்ளோவின் பெயர், படம், இசை, வசனம், கோடு எதுவும் இருக்கக் கூடாது. மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது, அடித்தால் பொருள் விழுவது, ஆழம் போகப் போக அசுரர் பலம் கூடுவது மாதிரியான ஆட்ட விதிகளுக்குப் பொதுவாக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. டெவில்யூஷன்எக்ஸ் கோடின் உரிமத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், விற்பனைக்கான கேமில் அதை அப்படியே தூக்கிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். நானும் என் கூட்டாளியும் முதல் டயப்ளோவில் பாடம் படித்துவிட்டு, கோயில் பிரகாரங்களையும் வற்றிய வாய்க்கால்களையும் தளங்களாக வைத்து வேறொரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை.

படி 3: முதலில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

எல்லோரும் பட்டன் வைப்பதிலிருந்துதான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். சேவ் செய்வதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் பாகத்தைத் தனியாக ஆடும்போது எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். திரும்ப வந்தால் எலும்புக்கூடு நின்ற இடத்திலேயே நிற்கும், தரையில் விழுந்த பொருள் அங்கேயே கிடக்கும். இரண்டாம் பாகம் வீரனையும் அவன் சாமானையும் மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியே போய் வந்தால் ஊரில் நிற்பீர்கள், கொன்ற அசுரர்கள் எல்லாம் உயிரோடு இருப்பார்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு அது பிரச்சினை இல்லை. திருவிடைமருதூரில் ஏறி குத்தாலத்தில் இறங்குகிறவருக்கு அது அநியாயம். ஆக இந்த விஷயத்தில் முதல் பாகத்தின் வழியையே பின்பற்றுங்கள்.

ஆண்ட்ராய்டில் உங்கள் ஆப் பின்னால் தள்ளப்படும்போது ஆன்பாஸ் என்ற அழைப்பு வரும். அதற்குப் பிறகு உயிரோடு இருப்போமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெமரி குறைவான போனில் கேமராவைத் திறந்தாலே நம்மைக் கொன்றுவிடும். அதனால் ஆன்பாஸ் வந்த உடனே சேவ். நேராகப் பழைய ஃபைலின் மேல் எழுதாதீர்கள். தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி முடித்து, முழுதாக எழுதிவிட்டது என்று உறுதியான பிறகு பெயரை மாற்றுங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்தாலும் முந்தைய சேவாவது மிஞ்சும்.

இப்போது கசாப்புக்காரன் சம்பவத்துக்கு வருவோம். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் மேலே ஒரு பட்டை மட்டும்தான் இறங்குகிறது. அப்போது ஆன்பாஸ் வராது! நீங்கள் எடுத்துப் பேசினால்தான் வரும். மணி அடிக்கிற அந்த ஐந்தாறு வினாடியில் பட்டை ஸ்கிரீனின் மேல்பகுதியை மறைத்திருக்கும், பெயரைப் பார்ப்பீர்கள், எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள், அதற்குள் கதை முடிந்துவிடும். நான் பிறகு கண்டுபிடித்த வழி, ஆடியோ ஃபோகஸைக் கவனிப்பது. ரிங்டோன் ஒலிக்கும்போது ஒலி உரிமை நம்மிடமிருந்து தற்காலிகமாகப் பிடுங்கப்படும், அந்தச் செய்தி வந்ததும் கேமை நிறுத்திவிடுங்கள். கூடவே இன்னொரு வலையும் வையுங்கள்: பக்கத்தில் அசுரன் இருக்கிறான், இரண்டு கட்டைவிரலும் இரண்டு வினாடிக்கு மேல் ஸ்கிரீனில் இல்லை என்றால் நேரம் தானாக நிற்கட்டும். திரும்பித் தொட்டதும் மூன்று எண்ணிவிட்டுத் தொடரட்டும். இம்மார்ட்டலில் இது முடியாது, அது ஆன்லைனில் பலர் சேர்ந்து திரியும் உலகம், உங்களுக்காக எல்லோரையும் நிறுத்த முடியுமா? தனியாக ஆடும் கேம் செய்கிறவர்களுக்குக் கிடைத்திருக்கிற பெரிய வசதி இது. கொள்ளிடக் கரையோரக் கிராமங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் என்பதை யோசித்தால் ஆஃப்லைன் என்பதே பாதி வெற்றி.

இன்னொரு சின்ன விஷயம். பழைய கேமில் ஊருக்குத் திரும்ப ஒரு மாயவாசல் உண்டு, ஓலையைப் படித்தால் பக்கத்திலேயே திறக்கும், ஊருக்குப் போய் விற்று வாங்கி அதே இடத்துக்குத் திரும்பலாம். நல்ல இடைவேளை அது, 1996-லேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். போனில் அதை ஓலைக்காகக் காத்திருக்க வைக்காமல் ஒரு பட்டனாகவே கொடுத்துவிடுங்கள்.

படி 4: ஸ்டிக், இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள்

என் அக்கா பையனிடம் முதல் பதிப்பைக் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கிறான், எந்தக் கேமையும் பத்து நிமிடத்தில் பழகிவிடுவான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் மாமா, இவன் சுவத்துலயே முட்டிக்கிட்டு நிக்கிறான்?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒழுங்கா பிடிச்சு ஆடுடா" என்று சொன்னேன். மறுநாள் நானே தளத்தின் சந்துகளில் ஓடிப் பார்த்தபோது அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. ஆள் நேராகப் போகாமல் நடுங்குகிறான்.

காரணத்தைப் பொறுமையாகப் பாருங்கள். முதல் டயப்ளோவின் தரை, சாய்சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் 64 பிக்சல் அகலம், 32 பிக்சல் உயரம். நம் வீட்டு வாசலில் சிக்குக் கோலத்துக்கு ஊடுபுள்ளி வைப்போமே, அந்தப் புள்ளிகளை மேலும் கீழுமாக அமுக்கியது மாதிரி. கட்டத்தின் ஓரம் வழியாக ஒரு அடி நடந்தால் ஸ்கிரீனில் 32 பிக்சல் பக்கவாட்டில், 16 பிக்சல் மேலோ கீழோ நகர்கிறோம். அது 45 டிகிரி கிடையாது, சுமார் 26.6 டிகிரி. நாம் என்ன செய்வோம்? ஸ்டிக்கின் வட்டத்தை எட்டுச் சம துண்டாக, ஆளுக்கு 45 டிகிரி என்று வெட்டுவோம். அப்படி வெட்டினால் "வலது" என்ற துண்டுக்கும் "வலது மேல்" என்ற துண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை 22.5 டிகிரியில் விழும். சந்து போகிற கோணம் 26.6, எல்லை 22.5, நடுவில் நான்கே டிகிரி! கண்ணுக்குத் தெரிகிற சந்தின் போக்கில் நீங்கள் கட்டைவிரலை நகர்த்துகிறீர்கள், பஸ் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது, விரல் நான்கு டிகிரி ஆடுகிறது, ஆள் சுவரில் முட்டுகிறான்.

தீர்வு ஒரே வரிதான். ஸ்டிக்கின் மேல் கீழ் மதிப்பை இரண்டால் பெருக்கிவிட்டு, அதற்குப் பிறகு கோணத்தைக் கணக்கிடுங்கள். அமுங்கிய கட்டம் நிமிர்ந்து சரியான சதுரமாகிவிடும், 26.6 டிகிரி 45 ஆகிவிடும், துண்டின் நட்டநடுவில் வந்து உட்காரும். இந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. மறுபடி போனைக் கொடுத்தபோது பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஆடிக்கொண்டே இருந்தான்.

இதோடு சுவரில் உராய்ந்து போகிற வசதியும் வேண்டும். போகச் சொன்ன கட்டம் அடைபட்டிருந்தால் உடனே நிற்காமல், அதற்கு இரண்டு பக்கமும் உள்ள திசைகளில் எது திறந்திருக்கிறதோ அதில் வழுக்கிப் போகட்டும்.

ஸ்டிக்கை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். இடது பாதியில் விரல் எங்கே விழுகிறதோ அங்கே அது பிறக்கட்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருக்கிறவர் போனைப் பிடிக்கிற விதமே வேறு. ஓரத்தை ஒட்டி மட்டும் பிறக்க விடாதீர்கள், அங்கிருந்து உள்ளே இழுத்தால் பின்னால் போ என்று ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். அந்தச் சைகையை விலக்கச் சொல்லி ஆப்பிலிருந்து கேட்கலாம், ஆனால் ஒரு ஓரத்துக்கு 200 டிபி (ஸ்கிரீன் அளவுக்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கிற அலகு) உயரத்துக்கு மேல் ஆண்ட்ராய்டு விட்டுக்கொடுக்காது.

அடுத்தது அடிப்பது. மவுஸில் எந்த எலும்புக்கூட்டை அடிக்க வேண்டும் என்று அம்புக்குறியால் காட்டுகிறோம். கட்டைவிரலால் அதைக் காட்டினால் விரலே எலும்புக்கூட்டை மறைத்துவிடும். அதனால் அடி பட்டனை அழுத்தினால் யாரை என்பதை கேமே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வைத்திருக்கிற கணக்கு எளிது: பக்கத்தில் உள்ள ஒவ்வொரு அசுரனுக்கும் தூரத்தையும், வீரன் பார்க்கிற திசையிலிருந்து அவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதையும் கூட்டி ஒரு மதிப்பெண், குறைந்த மதிப்பெண் வாங்கியவனுக்கு அடி. ஒருவனைப் பிடித்துவிட்டால் உடனே தாவக் கூடாது, புதியவன் தெளிவாக மேலானவனாக இருந்தால்தான் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு அடி அடித்து யாரையும் கொல்லாமல் செத்துப்போவீர்கள். யாரைக் குறிவைத்திருக்கிறோம் என்பதைக் காலடியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். தூரத்து மந்திரவாதியைத்தான் அடிக்க வேண்டும் என்று ஆடுகிறவர் விரும்பினால், பட்டனை அழுத்தியபடி அந்தப் பக்கம் இழுத்தால் போதும் என்று வையுங்கள்.

பட்டன் அளவு 48 டிபிக்குக் குறையக் கூடாது என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது, சுமார் 9 மில்லிமீட்டர் வரும். அடி பட்டனை அதைவிட ஒன்றரை மடங்காவது வையுங்கள். மருந்து பட்டன் அடி பட்டனுக்குப் பக்கத்தில், ஆனால் தவறிப் படாத தூரத்தில்.

படி 5: ஸ்கிரீன் கணக்கு

பழைய கேம் 640க்கு 480. இன்றைய போன் படுத்த வாக்கில் 2400க்கு 1080 அல்லது 1600க்கு 720. 480-ஐ 1080-க்கு நீட்டினால் 2.25 மடங்கு, ஒரு பிக்சல் இரண்டாகவும் பக்கத்துப் பிக்சல் மூன்றாகவும் வீங்கி, வீரன் முகம் அம்மை வார்த்தது மாதிரி ஆகிவிடும். முழு எண் மடங்காக இருந்தால்தான் பழைய படம் அழகு.

480 வரிகளில் கீழே 128 வரிகளை ரத்தக் குடுவையும் இடுப்புப் பட்டையும் இருக்கிற பலகை தின்றுவிடும். ஆடுகிற இடம் 352 வரிதான். போனில் அந்தப் பலகையே வேண்டாம், குடுவைகளை மூலையில் மிதக்க விட்டுவிடலாம். அப்படியென்றால் நமக்கு வேண்டியது 352-க்குப் பக்கத்தில் ஒரு எண். 1080-ஐ 3-ஆல் வகுத்தால் 360. 720-ஐ 2-ஆல் வகுத்தாலும் 360. அகலமும் இரண்டிலும் 800 வருகிறது! விலை கூடிய போனிலும் மலிவான போனிலும் அதே 800க்கு 360 காட்சி, பிசிறு இல்லாமல். இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்த அன்றைக்கு மகிழ்ச்சியில் ஒரு டிகிரி காபி அதிகமாகக் குடித்தேன்.

6.5 அங்குல ஸ்கிரீனில் இந்தக் கணக்குப்படி ஒரு தரைக்கட்டம் 12 மில்லிமீட்டர் அகலம் வரும், கதவையோ பெட்டியையோ விரலால் நேராகத் தொட்டுத் திறக்க முடிகிற அளவு.

கேமின் உள்கணக்கு வினாடிக்கு 20 முறை ஓடுகிறது. முறைவைத்து ஆடுகிற கேமாகத்தான் அதை முதலில் தொடங்கினார்கள் என்றும், அந்த முறைகளை வினாடிக்கு இருபதாக வேகப்படுத்தியபோது இன்று நாம் அறிந்த வடிவம் பிறந்தது என்றும் அதை உருவாக்கிய டேவிட் ப்ரெவிக் 2016-இல் ஒரு மாநாட்டில் சொன்னார். அந்த 20-ஐத் தொடாதீர்கள், அசுரர் வேகம், அடி வேகம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. வரைவதை மட்டும் இடைப்பட்ட நிலைகளைக் கணித்து 60 ஆக்குங்கள், பேட்டரி குறைந்தால் 30.

படி 6: மூட்டை

பழைய சாமான் பை 10க்கு 4, மொத்தம் 40 கட்டம். கவசம் ஆறு கட்டம் அடைக்கும், மோதிரம் ஒன்று. தங்கம்கூட 5000-க்கு மேல் ஒரு கட்டத்தில் நிற்காது, பணக்காரன் ஆக ஆகப் பையில் இடம் இருக்காது. மவுஸில் அதை இழுத்து அடுக்குவது ஒரு தனி சுகம், எனக்கே பிடிக்கும். விரலில் அது தண்டனை. கட்டங்களை வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குவதை ஒரு பட்டனிடம் விட்டுவிடுங்கள். பொருளை ஒருமுறை தொட்டால் இப்போது அணிந்திருப்பதோடு ஒப்பிட்டுக் காட்டட்டும், நீட்டித் தொட்டால் கீழே போடட்டும். தங்கத்தைத் தொடவே வேண்டாம், மேலே நடந்தாலே பைக்குள் போகட்டும்.

படி 7: தமிழில் கொடுப்பதென்றால்

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கேம்கள் எழுத்தை ஒரு குறிக்கு ஒரு படம் என்று இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போகும். தமிழில் அது நடக்காது. "கெ" என்பதில் முதலில் சேமிக்கப்படுவது க, ஸ்கிரீனில் முதலில் வருவது கொம்பு. "போ" என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ப-வின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். எழுத்தை வடிவமைக்கத் தனி நிரல் வேண்டும், ஹார்ஃப்பஸ் அதற்குத்தான். கோடோ (Godot) என்ற கேம் எஞ்சினில் செய்கிறீர்கள் என்றால் நான்காம் பதிப்பில் அது உள்ளேயே வருகிறது, மூன்றில் இல்லை.

அப்புறம் பொருள்களின் பெயர். டயப்ளோவின் போதையே அதில்தான் இருக்கிறது, பெயருக்கு முன்னால் ஒரு அடை, பின்னால் ஒரு அடை. ரசிகர்கள் கனவு காண்கிற பொருள் ஒன்று உண்டு, காட்லி ப்ளேட் ஆஃப் த வேல். இதை வரிசைப்படி "தெய்வீகத் திமிங்கலக் கவசம்" என்று போட்டால் தெய்வீகமானது கவசமா திமிங்கலமா? தமிழில் இரண்டு அடையும் முன்னால்தான் வர முடியும். பின்னடையை முதலில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: "திமிங்கலத்தின் தெய்வீகக் கவசம்". ஆகவே மொழிபெயர்ப்பு ஃபைலில் மூன்று துண்டின் வரிசையையும் மாற்றிக்கொள்ள வசதி வேண்டும், கோடில் வரிசையை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

அதோடு விடாது. தெய்வீகக் கவசம், தெய்வீகச் சட்டை, தெய்வீகத் தொப்பி, ஆனால் தெய்வீக வாள். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும், மற்றதில் மிகாது. நான் ஒட்டும் ஃபங்ஷனில் இந்த விதியை எழுதி, ஒவ்வொரு அடைக்கும் ஒற்று மிகுமா என்று ஆம்-இல்லை குறி ஒன்று வைத்துவிட்டேன், "தின்" என்று முடிகிறவற்றுக்கு மிகாது. பள்ளிக்கூடத்தில் வல்லினம் மிகும் இடங்களுக்காக வாங்கிய அடியெல்லாம் இருபது வருடம் கழித்து வேலைக்கு வந்தது.

சொற்களைப் பொறுத்தவரை பேசுகிற சொல்லாக வையுங்கள். சரக்கிருப்பு என்று எழுதினேன், பட்டனுக்குள் அடங்கவில்லை, யாருக்கும் புரியவும் இல்லை. "மூட்டை" என்று மாற்றினேன், முடிந்தது. மாயவாசலுக்கு "ஊர்வழி". எழுத்து அளவை மட்டும் பெரியவர்களிடம் காட்டிச் சரிபாருங்கள். பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நீட்டினேன், கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு "எறும்பு ஊர்ற மாதிரில்ல இருக்கு" என்றார். இரண்டு அளவு ஏற்றினேன். வரி இடைவெளியையும் ஏற்ற வேண்டும், கீ, லி போன்றவற்றின் மேல்விலங்கு மேல் வரியில் இடிக்கும்.

படி 8: வெயில், சூடு, சத்தம்

நிலவறை கேம் என்றால் இருட்டு. சித்திரை வெயிலில் வரப்பில் நின்று பார்த்தால் ஸ்கிரீனில் உங்கள் முகம்தான் தெரியும். கேம் திறந்ததும் முதல் காட்சியிலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழி கொடுங்கள், இருண்ட நிறங்களை மட்டும் தூக்குகிற மாதிரி. போன் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மேலே சொன்ன 30 அதற்கும் உதவும்.

பஸ்ஸில் பாதிப் பேர் ஒலியை அணைத்துவிட்டு ஆடுவார்கள். பழைய கேமில் மோதிரம் தரையில் விழுந்தால் ஒரு கிணுங்கல் கேட்கும், கூட்டத்து நடுவிலும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்போம். ஒலி இல்லையென்றால் அது போச்சு. காதுக்குச் சொல்கிற ஒவ்வொரு சேதியையும் கண்ணுக்கோ அதிர்வுக்கோ இன்னொரு முறை சொல்லுங்கள்.

படி 9: சோதனையும் கடையும்

கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற நண்பன் கிடைத்தது என் அதிர்ஷ்டம். விற்பனைக்கு வைத்திருக்கிற பழைய போன் ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்க்க விட்டான், "டிஸ்ப்ளே போச்சுன்னா நீதான்டா காசு கொடுக்கணும்" என்ற நிபந்தனையோடு. உடைந்த ஓரம், ஒட்டிய டெம்பர் கிளாஸ், பாதி செத்த டச், எல்லாம் உண்மையான சோதனை. கம்ப்யூட்டருக்குள் போன் மாதிரி நடிக்கிற எமுலேட்டரில் இதெல்லாம் கிடைக்காது.

கூகுள் ப்ளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால், பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்றிருந்தது. ஃபைலை ஆப் பண்டில் வடிவில் ஏற்ற வேண்டும், அடிப்படைத் தொகுப்பு 200 எம்பியைத் தாண்டினால் படங்களைத் தனிப் பொதியாகப் பிரிக்க வேண்டும்.

பன்னிரண்டு பேர்தானே என்று நினைக்காதீர்கள். சரியாகப் பன்னிரண்டு பேரோடு தொடங்கினேன், பத்தாவது நாள் குறுவை அறுப்பு வந்தது, இரண்டு பேர் மிஷினோடு வயலுக்குப் போய்விட்டார்கள், அதில் ஒருவர் போனில் இடமில்லை என்று சோதனையிலிருந்தே விலகிக்கொண்டார். நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பதினாறு பதினேழு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், அறுப்பு நடவு இல்லாத பதினைந்து நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.